இங்கே அரசியல் பேசலாம்

தமிழ்நாட்டு டீக்கடைகளில் ஒரு பலகை தொங்கும்: ‘இங்கு அரசியல் பேசக் கூடாது.’ முதலாளியின் நிம்மதிக்காக எழுதப்பட்ட ஒரு வரிச் சட்டம் அது. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகும் வழியில், சாலைகள் பிரியும் ஒரு கூட்ரோட்டில் டீக்கடை வைத்திருந்த பாவாடை மட்டும் அந்த வரியைத் திருப்பிப் போட்டார். ‘இங்கே அரசியல் பேசலாம்.’ பலகை எழுதிய பெயின்டர், “ஏதும் தப்பா சொல்லிட்டீங்களாண்ணா?” என்று இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் தூரிகையைத் தொட்டானாம்.

பாவாடை ஆண்பிள்ளைதான். வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள், இந்தப் பக்கத்தில் பாவாடைராயன் சாமிக்கு நேர்ந்துகொண்டு பிள்ளைகளுக்கு வைக்கும் பெயர் அது. சாமியே கிடையாது என்று சொல்லித் திரிந்த மனிதருக்குச் சாமியின் பெயர். மாற்றிக்கொள்ளச் சொன்ன தோழர்களிடம், “பேரு எங்கப்பன் வச்சது, கருத்து நான் வச்சது. ரெண்டும் ஒரே வூட்ல இருந்துட்டுப் போவட்டும்” என்பார். மனிதர் எப்படிப்பட்டவர் என்பதற்கு இந்த ஒரு பதில் போதும்.

அவருடைய அப்பா காலத்திலும் அங்கே டீக்கடைதான். பெஞ்சில் உட்காரும் ஊர்த்தெருக்காரர்களுக்குக் கண்ணாடி கிளாஸ். காலனியிலிருந்து கரும்பு வெட்டப் போகிறவர்களுக்கு, வெளியே வேப்பமரத்து ஆணியில் தொங்கும் அலுமினியத் தம்ளர். குடித்தவரே கழுவி, மறுபடியும் ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். இது குற்றம் என்று சட்டம் வந்து பல காலம் ஆகியிருந்தது. அது டீ குடிக்க வரும் போலீஸ்காரருக்கும் தெரியும். கண்ணாடி கிளாஸில் குடித்தபடியே அவர் மரத்தின் நிழலைப் பாராட்டுவார்.

அப்பா படுக்கையில் விழுந்ததும் கடைக்கு வந்த பாவாடை செய்த முதல் வேலை, அந்த ஆணிகளைப் பிடுங்கியது. தம்ளர்களைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டுக் கூடுதலாகக் கண்ணாடி கிளாஸ் வாங்கினார். எல்லா கிளாஸும் ஒரே பேசினில் கழுவப்பட்டு, ஒரே பலகையில் கவிழ்க்கப்படும். எந்த கிளாஸ் யார் வாயில் பட்டது என்று அதற்குப் பிறகு எந்தக் கடவுளாலும் சொல்ல முடியாது. ஊர்த்தெருவில் சிலர் கொஞ்ச நாள் கடைப்பக்கம் வரவில்லை. அப்புறம் வந்தார்கள். மனம் மாறி வந்தார்கள் என்று பாவாடை நம்பினார். டீக்காக வந்தார்கள் என்பது அவர் மனைவி சாலம்மாளின் கட்சி.

டீ அப்படித்தான் இருக்கும். யாருக்கு ஸ்ட்ராங், யாருக்கு லைட், யாருக்குச் சர்க்கரை கம்மி என்பதெல்லாம் அவர் கைக்குத் தெரியும். ஆள் சைக்கிளிலிருந்து இறங்கும்போதே கை பாலை ஊற்றிவிடும்.

பெஞ்சில் ஒன்றையொன்று பொய் என்று நிரூபிக்கும் நான்கு தினசரிகள் கிடக்கும். பேச்சு சூடாகும்போது பாவாடை குறுக்கே விழுவது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான்: “அவரு சொல்லி முடிக்கட்டும்பா. அப்பறம் நீ சொல்லு.” பேசினால் தீராதது எதுவும் இல்லை என்பது அவருடைய மதம். மதமே இல்லாதவருக்கு அப்படி ஒன்று தேவைப்பட்டது போலும். நகரத்துப் பத்திரிகைகளில் இத்தகையவர்களைத் தாராளவாதிகள் என்று எழுதுவார்கள். கூட்ரோட்டில் அதற்கு வழங்கும் சொல், ரெண்டுங்கெட்டான்.

ஆணி பிடுங்கிய நாளிலிருந்து அந்தக் கடையில் தினமும் டீ குடித்தவள் காலனி ஜெயம்மாள். கரும்பு வெட்டு, களையெடுப்பு என்று கூலிக்குப் போகிறவள். பாவாடையைவிட மூத்தவள், அவரைத் தம்பி என்றுதான் கூப்பிடுவாள். காலனிக்காரி ஊர்த்தெருக்காரரைத் தம்பி என்பதா என்று பெஞ்சில் ஒருவர் ஒருநாள் முகம் சுளித்தார். “வயசுல சின்னவன தம்பின்னாம பின்ன தாத்தான்னா கூப்புடுவாங்க?” என்று அவள் திருப்பிக் கேட்டாள். பெஞ்சு சிரித்துவிட்டது. அந்த ஒரு சிரிப்பை வைத்துக்கொண்டு, சாதி ஒழிகிறது என்று பாவாடை வருஷக்கணக்கில் நம்பிக்கொண்டிருந்தார்.

போன தேர்தல் சமயத்தில் கூட்ரோட்டில் இரண்டு பேனர்கள் எதிரெதிரே நின்றன. ஒன்று ஊர்த்தெரு இளைஞர்களுடையது, மற்றது காலனி இளைஞர்களுடையது. இரண்டிலும் தலைவர்கள் கைகூப்பிச் சிரித்தார்கள். ஒரு விடியற்காலை காலனி பேனர் இரண்டாகக் கிழிந்து தொங்கியது. கடை திறந்துகொண்டிருந்த பாவாடை அதைக் கண்ணால் பார்த்தார். ஆலைக்குப் போன கரும்பு லாரியின் பக்கவாட்டில் பிதுங்கி நின்ற கரும்பு பேனரில் மாட்டி, கிழித்து இழுத்துக்கொண்டு போனது. கரும்பு லாரி எதைத்தான் கிழிக்கவில்லை? கேபிள் ஒயர், புளியங்கிளை, கல்யாணப் பந்தல் எல்லாம் அதற்கு ஒன்றுதான். அந்த வாகனத்துக்குத்தான் இந்த ஊரில் உண்மையிலேயே சாதி கிடையாது.

ஊர்த்தெருக்காரர்கள் கிழித்ததாகக் காலனியில் பேச்சு கிளம்பியது, போலீஸ் வந்தது. சமாதானக் கூட்டம் போட்டார்கள். பாவாடை எழுந்து, “லாரி கிழிச்சதுங்க. நா பாத்தன். வெளிய நீட்டிக்கினு இருந்த கரும்பு இழுத்துக்கினு பூடுச்சி” என்றார்.

கூட்டத்தில் ஒருவர் கேட்டார்: “லாரி ஓட்னவன் எந்தத் தெரு?”

“சேலத்துப் பக்கத்து வண்டிங்க.”

இரண்டு தரப்பிலும் ஏமாற்றம் தெரிந்தது. அந்த உண்மை யாருக்கும் உபயோகப்படாது. அதை வைத்துக்கொண்டு யாரைத் திட்டுவது, யார்மேல் கேஸ் போடுவது, எந்த வேட்பாளரிடம் போய் நிற்பது? ஆகவே அதை அங்கேயே விட்டுவிட்டுக் கலைந்தார்கள். அன்று சாயங்காலமே ஊர்த்தெரு வாட்ஸ்அப் குழுவில் ‘காலனிக்குச் சொம்பு தூக்கும் டீக்கடை’ என்று வந்தது. காலனிக் குழுவில் ‘நடுநிலை நக்கி’ என்று வந்தது. பாவாடை இரண்டையும் சாலம்மாளிடம் சத்தமாகப் படித்துக் காட்டினார்.

“ரெண்டு பேரும் ஒன்னயே திட்றானுங்களா?” என்றாள் சாலம்மாள். “இதுலயாச்சும் ஊரு ஒத்துமையா கீதே. வுடு.”

நாலாம் நாள் வெங்கடேசன் கார் வந்து நின்றது. வெங்கடேசன் ஊர்த்தெருவின் பெரிய கரும்பு விவசாயி. கடை இருந்த மனை அவருடையது. பாவாடைக்குப் பங்காளி முறை. காரின் முன்னால் பறக்கும் கொடி மூன்று தடவை மாறியிருக்கிறது. மாறாதது அவருக்குச் சர்க்கரை கம்மியாகப் போடும் டீ ஒன்றுதான். உடம்பில் சுகர்.

“பங்காளி, நா யாரயும் வுடாதன்னு சொல்ல வர்ல,” என்றார், பெஞ்சில் உட்காராமல். “அந்தக் காலமா இது? இன்னா சொல்றன்னா, பேப்பர் கப்பு வாங்கி வையி. எல்லாருக்கும் அதான். குட்ச்சிட்டுத் தூக்கிப் போட்டுப் போய்க்கினே இருக்கலாம். சுத்தம். யாருக்கு நஷ்டம் சொல்லு?”

“இத்தினி நாளு கிளாஸுல குட்ச்சி யாருக்கும் ஒண்ணும் ஆவலியேண்ணா.”

“நோய் நொடி வர்ற காலம் பாவாட. நா ஆரோக்கியத்தப் பத்திப் பேசறன். சமத்துவத்தப் பத்தியும் பேசறன். நீதான அத்த வருசம் பூரா பேசுவ? எல்லாருக்கும் ஒரே கப்பு. இன்னா, தப்பா?”

தப்பு என்று சொல்லப் பாவாடையால் முடியவில்லை. இந்த நாட்டில் காலத்துக்கு ஏற்றபடி தன்னைப் புதுப்பித்துக்கொள்வதில் சாதிக்கு ஈடு எதுவும் இல்லை. அது அலுமினியத்திலிருந்து காகிதத்துக்கு வந்துவிட்டது. தீட்டு என்ற சொல்லை வீட்டில் விட்டுவிட்டு, சுகாதாரம் என்ற சொல்லைப் போட்டுக்கொண்டு கடைக்கு வருகிறது. போகும்போது வெங்கடேசன், “மனை நம்பளுதுதான, நீ இருந்துக்கோ. யாரு கேக்கப் போறாங்க?” என்றார். கேட்காமலே சொல்லப்பட்ட அந்த ஆறுதல்தான் மிரட்டல்.

மறுநாள் இளமாறன் வந்தான். காலனிப் பையன், இன்ஜினீயரிங் முடித்தவன், காலனி இளைஞர்களுக்கு அவன்தான் வாய். அவனுக்கு விஷயம் தெரிந்திருந்தது.

“பேப்பர் கப்பு வந்துதுன்னா நாங்க ஒருத்தரும் வரமாட்டம்ங்க. இன்னொண்ணு, அந்தாளுக்கு நீங்க டீ குடுக்கக் கூடாது.”

“அதெப்பிட்றா தம்பி? ஒங்களுக்கு உள்ள எடமில்லன்னு எங்கப்பன் சொன்னாரு. அவருக்கு டீ இல்லன்னு நா சொன்னா, எனக்கும் எங்கப்பனுக்கும் இன்னா வித்தியாசம்?”

“வித்தியாசம் கீதுங்க. எங்கள மரத்தடியில நிக்க வச்சாங்க. அவர யாரு நிக்க வச்சா? அவரு கார்ல குந்திக்கினு வர்றாரு.”

“நீ சொல்றதும் நாயந்தான்,” என்றார் பாவாடை. வெங்கடேசனிடமும் முந்தின நாள் இதையே சொல்லியிருந்தார். அவர் வாழ்நாளில் அதிகம் சொன்ன வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும். இரண்டு பேர் சொல்வதும் நியாயமாக இருக்கவே முடியாத நேரங்கள் உண்டு என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அதையும் நியாயம் என்றிருப்பார்.

இரண்டு நாள் யோசித்தார். கப்பை மட்டும் வைத்தால் தோல்வி. கிளாஸை மட்டும் வைத்தால் மனை போய்விடும். கடைசியில் முகம் தெளிந்து வந்தார்.

“யாரயும் கட்டாயப்படுத்தக் கூடாது சாலா. ரெண்டயும் வைப்பம். கிளாஸு வேணும்ங்கறவங்க கிளாஸு. கப்பு வேணும்ங்கறவங்க கப்பு. அவங்கவங்க இஷ்டம்.”

“நீ கட வச்சிக்கிறியா, எலெக்‌ஷன் வச்சிக்கிறியா?” என்றாள் சாலம்மாள்.

கல்லாப் பக்கத்தில் காகிதக் கப் அடுக்கு வந்து உட்கார்ந்தது. பக்கத்தில் அட்டையில் எழுதி வைத்தார்: ‘உங்கள் விருப்பம்.’

முதலில் ஊர்த்தெருக்காரர்கள் கப் எடுத்தார்கள். கிளாஸும் இருந்ததால் காலனிக்காரர்களும் வந்தார்கள், வழக்கம்போல் கிளாஸ். சோதனை அத்தோடு முடிந்திருந்தால் பாவாடை ஜெயித்தார் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் காகிதக் கப்பில் டீ அட்டை வாசம் அடித்தது. கொதிக்கக் கொதிக்கப் பிடித்தால் கை சுட்டது. ஆற வைத்தால் கப் தொளதொளத்தது. தீட்டைவிட நாக்கு பெரிது. ஒவ்வொருவராகக் கிளாஸுக்குத் திரும்பினார்கள். ஆனால் பழைய மாதிரித் திரும்பவில்லை. “மேல் வரிசையில கீற கிளாஸ குடு பாவாட” என்றார் ஒருவர். மேல் வரிசை என்று ஒன்று இருப்பதே அப்போதுதான் பாவாடைக்குத் தெரிந்தது. இன்னொருவர் தன் கிளாஸைத் தானே கழுவி மேலே கவிழ்த்துவிட்டுப் போனார். யாரும் யாரையும் எதுவும் சொல்லவில்லை. பெஞ்சில் இருந்தவர்கள் பார்த்தார்கள், அவ்வளவுதான். காலனிக்காரர் கிளாஸுக்குக் கை நீட்டும்போது பேச்சு நிற்கும். கப்புக்கு நீட்டினால் மறுபடி தொடரும்.

இவ்வளவு நடந்தும் பாவாடைக்கு உறைக்கவில்லை. தினமும் விற்பனை பார்த்து, ‘பிரச்னை இல்லாமப் போவுது’ என்று திருப்திப்பட்டுக்கொண்டிருந்தார். ஜெயம்மாள் ஒரு காலை வந்து கப்பை நீட்டியபோதுதான் பாவாடையின் கை நின்றது.

“இன்னாம்மா, நீ கப்பு எடுத்துக்கினு? கிளாஸு கீதே.”

“என் விருப்பம் தம்பி,” என்றாள் ஜெயம்மாள். “அட்டையில எழுதிக்கிறியே.”

“நெசமாவே விருப்பமா?”

அவள் பெஞ்சைப் பார்க்கவில்லை. பெஞ்சு அவளைப் பார்த்தது. “மின்ன ஆணி அடிச்சி மாட்டனாங்க. நீ புடுங்கன. நல்லா இருந்துது. இப்ப ஆணியே இல்லாம மாட்டி வுட்டுட்ட பாரு, அதுதான் தெறம” என்றாள். டீயை வாங்கிக்கொண்டு மரத்தடிக்குப் போனாள். அங்கே போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. கால் அதுவாகப் போனது.

அன்று மதியம் இளமாறன் போட்ட படம் ஊர் முழுக்கச் சுற்றியது. பெஞ்சில் கண்ணாடி கிளாஸ், மரத்தடியில் காகிதக் கப், நடுவில் ‘இங்கே அரசியல் பேசலாம்’ பலகை. கீழே ஒரே வரி: ‘முற்போக்கு டீக்கடையில் இரட்டைக் குவளை.’ வேடிக்கை, ஊர்த்தெருக் குழுவும் அதே படத்தைச் சந்தோஷமாகப் பரப்பியது: ‘சாமி இல்லைன்னு சொல்றவன் கடையிலயே பாருங்க.’ அந்த வட்டாரத்தில் இரண்டு தரப்பும் சேர்ந்து ஒப்புக்கொண்ட முதல் செய்தி அதுதான்.

பாவாடை படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். லாரி கிழித்ததை யாரும் நம்பவில்லை என்று அவ்வளவு வருத்தப்பட்டவர். இப்போது எல்லோரும் நம்பும் ஓர் உண்மை கிடைத்திருக்கிறது, அது அவரைப் பற்றியது. கடையில் பத்துப் பேர் இருந்தார்கள். எழுந்துபோய், ‘உங்கள் விருப்பம்’ அட்டையை நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த பெஞ்சின் காலுக்கு அடியில் வைத்தார். அதுவரை அந்த அட்டை செய்த உருப்படியான வேலை அது ஒன்றுதான். மேல் வரிசை கிளாஸ்களை எடுத்துப் பேசினில் மற்றவற்றோடு போட்டார். கப் கட்டுகளை உள்ளே தள்ளினார்.

“இன்னாபா, விருப்பம்னு சொன்ன?” என்றார் மேல் வரிசைக்காரர்.

“பேசறது ஒன் விருப்பம். எது வோணா பேசு, கேக்கறன். கிளாஸு என் விருப்பம்.”

“அப்ப நடுநிலைலாம் அவ்ளோதானா?”

“இதுல நடு எங்கப்பா கீது? காட்டு, போயி நிக்கறன்.”

மேல் வரிசைக்காரர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். கூட நாலைந்து பேர் எழுந்தார்கள். சாலம்மாள் கப் கட்டுகளை வீட்டுக்கு எடுத்துப்போய், அடியில் ஓட்டை போட்டு, மிளகாய் நாற்று விட்டாள். நன்றாகவே முளைத்தது.

அந்த மாத முடிவில் வெங்கடேசன் மறுபடி வந்தார். கோபமே இல்லை. “எம் பையன் இந்த மனையில பேக்கரி போடறன்ங்கறான் பங்காளி. படிச்ச பையன், நா இன்னா சொல்ல முடியும்? அவன் விருப்பம்” என்றார். அந்தச் சொல்லைப் பாவாடைக்குத் திருப்பிக் கொடுப்பதற்காகவே பாதுகாத்து வைத்திருந்தார் போலிருந்தது.

இப்போது அந்த மனையில் கண்ணாடிக் கதவு போட்ட பேக்கரி இருக்கிறது. டீ மெஷினில் வருகிறது, எல்லாருக்கும் காகிதக் கப், முழுச் சமத்துவம். வாசலில் பலகையும் உண்டு: ‘இங்கு அரசியல் பேசக் கூடாது.’

பாவாடை சாலைக்கு இந்தப் பக்கம், புங்கமரத்துக்குக் கீழே தள்ளுவண்டி போட்டிருக்கிறார். பழைய பலகையை வண்டியில் கட்டி, அடியில் சாக்பீஸால் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: ‘டீ கண்ணாடி கிளாஸில் மட்டும்.’ வருமானம் பாதி. தினசரி நான்கும் வருகின்றன. அதைக் குறைக்கச் சொல்லிச் சாலம்மாள் சண்டை போடுகிறாள். கரும்பு வெட்டுகிறவர்கள் வருகிறார்கள். கல்வராயன் மலையிலிருந்து சாமையும் புளியும் இறக்கிக்கொண்டு வருகிறவர்கள் பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில் வருகிறார்கள். ஊர்த்தெருவிலிருந்தும் சிலர், தலையைக் குனிந்தபடி வந்து, டீயைக் குடித்துவிட்டு நிமிர்ந்து போகிறார்கள். இளமாறனும் வருகிறான்.

“அந்தப் படத்த அழிச்சிட்டியா தம்பி?” என்று ஒருநாள் கேட்டார் பாவாடை.

“அழிக்கலீங்க. நடந்ததுதான அது?”

“நடந்ததுதான். இருக்கட்டும்.”

சென்ற வாரம் ஒரு காலை, வெங்கடேசனின் கார் பேக்கரியில் நிற்காமல் சாலையைக் கடந்து வண்டி அருகே வந்து நின்றது. கண்ணாடி பாதி இறங்கியது. டிரைவர் மட்டும் இறங்கி வந்து ஒரு பிளாஸ்க்கை நீட்டினான். “ஐயாவுக்கு மெஷின் டீ ஒத்துக்கல. இதுல ஒரு டீ ஊத்துவீங்களாம்.”

“பிளாஸ்குல ஊத்தறதில்லப்பா. யாருக்கும்தான். எறங்கி வரச் சொல்லு, கிளாஸுல தர்றன்.”

டிரைவர் காரைப் பார்த்தான். காரில் அசைவு இல்லை. வண்டியைச் சுற்றி நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். இந்தத் தடவை பார்க்கிற முறை அவர்களுடையது.

“ஏந் தம்பி, ஒரு டீ போட்டு வையி,” என்றாள் ஜெயம்மாள். “எங் காசு. பாவம், ஆச ஆசயா வந்துட்டு காருக்குள்ளயே குந்திக்கினு கெடக்கறாரு.”

சிரிப்பு எழுந்தது. பாவாடை சிரிக்கவில்லை. கழுவிக் கவிழ்த்திருந்ததில் கைக்கு வந்த ஒரு கிளாஸை எடுத்தார், டிக்காஷனை ஊற்றினார், பாலை விட்டார், உயரத் தூக்கி ஆற்றினார். நுரையோடு கிளாஸை வண்டியின் ஓரத்தில், காரிலிருந்து நன்றாகத் தெரிகிற இடத்தில் வைத்தார். “வாங்கண்ணா” என்று கூப்பிடவும் செய்தார். உண்மையாகவே கூப்பிட்டார்.

நுரை அடங்கியது. மேலே ஆடை படிந்தது. காரின் கண்ணாடி ஏறியது. டிரைவர் ஓடிப்போய் ஏறிக்கொண்டான். கார் கச்சிராயபாளையம் பக்கம் போய்விட்டது.

“வீணாப் போவக் கூடாது பாரு,” என்று ஜெயம்மாள் கிளாஸை எடுத்தாள். ஆடையை விரலால் ஒதுக்கிவிட்டு ஒரு வாய் குடித்தவள் முகம் கோணினாள்.

“இன்னா தம்பி, சக்கர இவ்ளோ கம்மியா கீது?”

“அவருக்குப் போட்டதும்மா,” என்றார் பாவாடை. “அவருக்குச் சுகரு.”